இன்னும் பிளாக்ஸ்பாட்டில்தான் இருக்கிறேன், ஜோராக இருக்கிறேன்!

பிளாக்ஸ்பாட் முகவரி தரும் பிளாக்கரைப் பற்றி வாயைத் திறந்தால் என்னை நிறுத்துவது கஷ்டம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சுக்குத் தடையே போட்டிருக்கிறார்கள். இங்கே அந்தத் தடை செல்லாது என்பதால் ஆசைதீரப் புகழப் போகிறேன்.

"இன்னுமா அண்ணாச்சி பிளாக்ஸ்பாட்டுல எழுதுதீய?" என்று கேட்காத நண்பர் இல்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் பழைய பதிவர்கள். வலைப்பூக்களைத் திரட்டித் தந்த தமிழ்மணத்தில் நட்சத்திர வாரம் கண்டவர்கள், வலைச்சரத்தில் ஒரு வாரம் ஆசிரியராக உட்கார்ந்தவர்கள், யாராவது பதிவு போட்ட நிமிடமே 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று பின்னூட்டத்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள். அப்புறம் கூகுள் பஸ்ஸுக்குப் போனார்கள், கூகுள் பிளஸ்ஸுக்குப் போனார்கள், ஃபேஸ்புக்கில் செட்டில் ஆனார்கள். கூகுள் பஸ் 2011இல் மூடப்பட்டது. ரீடர் 2013இல் போனது, ஆர்குட் 2014இல், பிளஸ் 2019இல். இத்தனைக்கும் நடுவில், 1999 ஆகஸ்டில் பிறந்த பிளாக்கர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 2005இல் போட்ட மொக்கைப் பதிவுகூட அதே முகவரியில் அப்படியே கிடைக்கிறது. ஃபேஸ்புக்கில் மூன்று வருடத்துக்கு முன் எழுதியதைத் தேடி எடுத்துத் தாருங்கள் பார்க்கலாம்!

இந்தப் பிளாக்கர் பிழைத்து வந்த கதையே எனக்குப் பிடித்தமான கதை. சான் ஃபிரான்சிஸ்கோவில் இவான் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹானும் தொடங்கிய பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம், அலுவலகத் திட்டங்களை நிர்வகிக்க ஒரு மென்பொருள் செய்யத்தான் கிளம்பியது. பிளாக்கர் அதன் ஓரத்தில் செய்த வேலை. ஓரத்து வேலை ஊரெல்லாம் பரவியது, பிரதான வேலை காணாமல் போனது. 2001 தொடக்கத்தில் கையிருப்பு தீர்ந்து, கூட இருந்தவர்கள் வெளியேற, வில்லியம்ஸ் ஏறக்குறையத் தனி ஆளாக அதை ஓட்டினார். சர்வர் வாங்கப் பயனர்களே பணம் போட்டார்கள். 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. வில்லியம்ஸ் பிறகு ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், மீடியத்தையும் தொடங்கினார். தமிழில் வலைப்பூக்கள் முளைத்ததும் அந்த 2003ஐ ஒட்டித்தான். காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியை 2004இல் கொண்டுவந்ததும் அந்தச் சின்னக் கூட்டம் திருவிழாவானது.

கதை போதும். நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பிளாக்கரில் தெரிந்தது மூன்றே விஷயம்: தலைப்பு, அதற்குக் கீழே ஒரு பெட்டி, ஆரஞ்சு நிறப் பொத்தான். எழுதினோம், அமுக்கினோம், பின்னூட்டத்துக்குக் காத்திருந்தோம். எழுதியதைத் திரும்ப எடுத்து ஆளுவதற்கு அதில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் முற்றியது.

நான் எழுதுவது திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களைப் பற்றி. சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன், முத்தாரம்மன் என்று ஊருக்கு ஊர் சாமி. சாமிக்குச் சாமி கதை. ஒவ்வொரு கொடைக்கும் வில்லுப்பாட்டா, கணியான் கூத்தா, நையாண்டி மேளமா என்று தனி முறை. குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை, மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்து வைப்பேன். இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விஷயத்தைத் தேதி வரிசையில் அடுக்கினால் யாருக்குப் பிரயோசனம்? "கணியான் கூத்து நடக்கும் இசக்கியம்மன் கோயில்கள் எவை?" என்று ஓர் ஆய்வு மாணவி கேட்டால் நான் என்ன செய்வேன்?

அங்கேதான் லேபிள் வருகிறது. பதிவு எழுதும் பக்கத்தின் வலது ஓரத்தில் சும்மா கிடக்குமே, அதேதான். பலர் அதில் 'அனுபவம்', 'மொக்கை', 'பொது' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லாப் பதிவுக்கும் 'பொது' என்று போடுவது அஞ்சறைப்பெட்டியின் ஐந்து அறையிலும் கடுகையே கொட்டி வைக்கிற மாதிரி. நான் லேபிள்களை நான்கு வகையாகப் பிரித்தேன்: ஊர், சாமி, தமிழ் மாதம், ஆட்டமும் பாட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒன்றாவது கட்டாயம். பிறகு வேடிக்கை பாருங்கள். வலைப்பூ முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, சர்ச், சாய்கோடு, லேபிள், சாய்கோடு, லேபிளின் பெயர் என்று அடித்தால் அந்த லேபிள் ஒட்டிய பதிவுகள் மட்டும் வரும். இது பலருக்கும் தெரியும். லேபிள் பெயருக்கு அடுத்து ஒரு கூட்டல் குறி போட்டு இன்னொரு லேபிளையும் எழுதினால் இரண்டும் சேர்ந்த பதிவுகள் மட்டும் வரும்! இது எத்தனை பேருக்குத் தெரியும்? இசக்கியம்மன், கூட்டல், கணியான் கூத்து. அந்த மாணவிக்கு ஒரே ஒரு சுட்டி அனுப்பினேன், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை; சாமிகளையும் மாதங்களையும் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தேடல் பெட்டி இருக்கிறதே, எதற்கு லேபிள்?" என்று கேட்பீர்கள். தமிழுக்குத் தேடல் பெட்டி அரைகுறைத் துணைதான். நாம் 'மாடன்' என்று தேடுவோம். பதிவுக்குள் மாடனுக்கு, மாடனை, மாடனிடம், மாடசாமி என்று விதவிதமாக எழுதியிருப்போம். வேற்றுமை உருபு ஒட்டியதும் அது வேறு சொல்லாகிவிடுகிறது, தேடல் தவறவிட்டுவிடுகிறது. என் வலைப்பூவில் திரும்பத் திரும்ப இதைத்தான் பார்க்கிறேன். உருபு ஒட்டாத ஒரே சொல் லேபிளில் இருக்கும் சொல்தான். ஆகவே தமிழில் எழுதுகிறவருக்கு, ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிட லேபிள் இரண்டு மடங்கு அவசியம் என்பேன்.

ஒரு கணக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவுக்கு எல்லா லேபிள்களும் சேர்ந்து 200 குறிகளுக்குள் அடங்க வேண்டும். நம் கண்ணுக்கு 'கொடை' இரண்டு எழுத்து. கணினிக்கு அது நான்கு. அந்தச் சொல் முகவரிக்குள் போனால் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக 36 குறியாக நீண்டுவிடும். அந்தச் சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பதறுவார். இதற்கு வைத்தியம் உண்டு. ஒரு தனிப்பக்கம் தொடங்கி, அதில் 'ஆடி மாதக் கொடைகள்', 'வில்லுப்பாட்டு' என்று அழகான தமிழில் எழுதி, அடியில் அந்த நீளச் சுட்டிகளைக் கோத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தின் சின்ன முகவரியை மட்டும் ஊருக்குக் கொடுத்தால் போதும்.

முகவரி என்றதும் தமிழ்ப் பதிவர்களின் பழைய தீராத வியாதி ஞாபகம் வருகிறது. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதை முகவரியாக்கத் தெரியாமல், எல்லாப் பதிவுக்கும் 'பிளாக்-போஸ்ட்' என்று பெயர் வைத்துவிடும். அடுத்த பதிவுக்கும் அதுவே, பின்னால் ஒரு கீழ்க்கோடும் ஓர் எண்ணும் மட்டும் கூடுதல். நூற்றுக்கணக்கான பதிவுகளும் ஒரே பெயரில் திரிந்த காலம் அது! 2012 முதல் முகவரியை நாமே எழுதும் வசதி வந்துவிட்டது. பதிவின் அமைப்புகளில் நிலைச்சுட்டி என்ற இடத்தைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும், இடையில் சிறுகோடு இட்டு எழுதலாம். வெளியிடும் முன்பே எழுதிவிட வேண்டும். வெளியிட்டபின் அந்த இடம் பூட்டிக்கொள்ளும். பழைய பதிவுகளுக்கு என்ன வழி? பதிவை வரைவுக்குத் திருப்பி, முகவரியை மாற்றி, மறுபடி வெளியிடலாம். ஆனால் பழைய முகவரியைத் தெரிந்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்களே? அமைப்புகளில் 'திசைமாற்றம்' என்ற ஒரு வசதி இருக்கிறது. பழைய முகவரியையும் புதிய முகவரியையும் அதில் எழுதி வைத்துவிட்டால், பழையதைத் தட்டுகிறவரைப் பிளாக்கரே கையைப் பிடித்துப் புதிய பக்கத்துக்கு அழைத்துப் போகும். காசு கொடுத்து இடம் எடுத்தவர்கள் இதற்கென்று ஒரு செருகுநிரல் தேடி அலைகிறார்கள். நமக்கு இது இலவசம்.

இன்னொரு முகவரி விவகாரம், இது அவசரம். 2012இலிருந்து சில ஆண்டுகள் இந்தியாவில் நம் வலைப்பூக்களெல்லாம் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியில் திறந்தன. 2018இல் கூகுள் அந்த நாட்டுவாரித் திருப்பலை நிறுத்தியது. 2020இல் அந்த டாட் இன் முகவரியே வேறு கைக்குப் போய்விட்டது. அந்த ஆண்டுகளில் நீங்கள் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குக் கொடுத்த உள்சுட்டிகளில் பலவும் டாட் இன் என்றே முடிந்திருக்கும். அவை இன்று செத்த சுட்டிகள். டாட் இன் என்பதை டாட் காம் என்று மாற்றினால் உடனே உயிர் வந்துவிடும். பதிவே போகவில்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் போனது.

வருடத்தையும் மாதத்தையும் வைத்துக் கேள்வி கேட்பதும் எனக்குப் பெரிய ஆனந்தம். வலைப்பூ முகவரி, சாய்கோடு, 2012 என்று அடித்தால் அந்த வருடத்துப் பதிவுகள். அடுத்து 05 என்று சேர்த்தால் அந்த வருடத்து மே மாதப் பதிவுகள். வைகாசிக் கொடைக்குக் கிளம்புமுன் போன வருடம், அதற்கு முந்தைய வருடம் என்று மே மாதங்களை வரிசையாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். எந்த ஊரில் சாமியாடும் கோமரத்தாடி மாறிவிட்டார், எந்த ஊரில் மகுடம் என்ற பறையை அடிக்கிறவர்கள் வரவில்லை என்பதெல்லாம் வரிசையாகத் தெரிந்துவிடும்.

இனி ஃபீட் எனப்படும் ஓடைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். திரட்டிகள் இருந்த காலத்தில் அதில் சேர்வதற்கு ஓடை முகவரியைக் கேட்பார்கள், கொடுத்துவிட்டு மறந்துபோவோம். திரட்டிகள் ஓய்ந்தன, ஓடை ஓயவில்லை. ஒவ்வொரு பிளாக்கர் வலைப்பூவும் தன் பதிவுகள் அனைத்தையும் இயந்திரம் படிக்கும் வடிவத்தில் எந்நேரமும் வெளியே கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எத்தனை பதிவு வேண்டும், எந்த எண்ணிலிருந்து வேண்டும், எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடைப்பட்டது வேண்டும் என்றெல்லாம் அந்த முகவரியிலேயே கேட்கலாம். லேபிள் வாரியாகவும் கேட்கலாம்; சாய்கோடு போட்டு இரண்டு லேபிள்களை அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் சேர்ந்தவை மட்டும் வரும். ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ள வசதியாக ஜேசன் வடிவத்திலும் தரும்.

இதை வைத்து என்ன செய்யலாம்? எனக்கு நிரல் எழுத வராது. என் அக்கா மகனுக்கு வரும். "மாமா, உங்க ஓடையே போதும், ஒரு அகரவரிசை செஞ்சு தாரேன்" என்றான். தனிப்பக்கம் ஒன்றில் சில வரி நிரல். அது ஓடையைப் படித்து, எல்லாப் பதிவின் தலைப்பையும் எடுத்து, ஊர்ப் பெயர் வரிசையில் அடுக்கிக் காட்டும். நான் புதுப் பதிவு போட்டால் அதுவாகவே பட்டியலில் சேர்ந்துகொள்ளும். முதலில் அடுக்கியபோது பனவடலிசத்திரம் முன்னாலும் பரப்பாடி பின்னாலும் வந்தன. இதென்ன கூத்து என்று பார்த்தால், யூனிகோடு எண் வரிசையில் 'ன' ரகரத்துக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து அல்லவா! ஒப்பிடும் கட்டளையில் 'இது தமிழ்' என்று மொழியின் குறியைச் சொன்னவுடன் உலாவியே சரியான வரிசையில் அடுக்கிவிட்டது. பரப்பாடி முன்னே வந்தது. இப்போது என்னிடம் ஒரு புத்தகத்தின் பின்னிணைப்பு போலவே ஊர்ப்பட்டியல் இருக்கிறது, அதுவும் தானாக வளர்கிறது. சர்வர் வாடகை கிடையாது, தரவுத்தளம் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. வார்ப்புருவில் இன்னொரு துண்டு நிரல் வைத்து, ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'இதே ஊரில்' என்று மற்றப் பதிவுகளையும் காட்டச் செய்தோம். ஒரு பதிவுக்கு வந்தவர் நாலு பதிவைப் படித்துவிட்டுத்தான் நகர்கிறார்.

இதெல்லாம் முடிவதற்குக் காரணம், பிளாக்கர் தன் வார்ப்புருவை முழுசாகத் திறந்து நம் கையில் கொடுத்திருப்பதுதான். இலவசமாக இடம் கொடுக்கும் வேறு மேடைகளில் நிறம் மாற்றக்கூடச் சந்தா கேட்பார்கள். பக்கத்தின் அடியில் அவர்கள் விளம்பரம் ஓடும். ஜாவாஸ்கிரிப்டை உள்ளே விடவே மாட்டார்கள். இங்கே தலை முதல் கால் வரை எக்ஸ்எம்எல்லைத் திறந்து திருத்தலாம். முகப்பில் ஒன்று காட்டு, தனிப்பதிவில் வேறு காட்டு, தனிப்பக்கத்தில் பக்கப்பட்டையே வேண்டாம் என்று நிபந்தனை எழுதலாம். பயமாக இருந்தால் ஒரு யோசனை: ஒரு கணக்கில் 100 வலைப்பூக்கள் வரை தொடங்கலாம். அதில் ஒன்றை யாருக்கும் தெரியாத பரிசோதனைக் கூடமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றத்தையும் அங்கே போட்டுப் பார்த்து, சரியாக வந்தால் மட்டும் நிஜ வலைப்பூவுக்குக் கொண்டுவாருங்கள். வார்ப்புருவில் கை வைக்குமுன் அதன் நகலைத் தரவிறக்கிக்கொள்வது தனிச் சடங்கு, மறக்கக் கூடாது.

வார்ப்புருவில் தமிழுக்கென்று செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. செய்து பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். பிளாக்கர் தரும் வார்ப்புருக்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. வரிகளுக்கிடையே இடைவெளி நமக்குப் போதாது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் முட்டிக்கொள்ளும். வரி உயரத்தை 1.7 அல்லது 1.8 என்று வையுங்கள், பக்கமே மூச்சு விடும். மேற்கோள் பகுதிகளைச் சாய்வெழுத்தில் காட்டும் வார்ப்புருக்கள் நிறைய. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் பார்க்கச் சகிக்காது, அதை நிமிர்த்துங்கள். தலைப்பில் எழுத்துகளுக்கிடையே இடம் விடும் பாணி ஒன்று உண்டு, அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து எறிந்துவிடும், சுழியமாக்குங்கள். இரண்டு ஓரமும் சமமாக வரவேண்டும் என்று பத்தியை இழுத்துக் கட்டாதீர்கள். நம் சொற்கள் நீளம். கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல் விழுந்து நடுவில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். எழுத்துருவுக்குக் கூகுள் ஃபாண்ட்ஸில் முக்த மலர், கேட்டமரன், மீரா இனிமை, பவனம், நோட்டோ செரிஃப் தமிழ் என்று அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். நீண்ட பதிவுகளுக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்கு முக்த மலர் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களோடு எப்போதும் சண்டைக்குத் தயார். இவை எல்லாவற்றுக்கும் வார்ப்புருவைப் பிரிக்கவே வேண்டாம், வடிவமைப்புப் பகுதியில் சிஎஸ்எஸ் சேர்க்க ஒரு பெட்டி இருக்கிறது. அங்கே நாலு வரி போதும்.

படங்களிலும் ஒரு மந்திரம் இருக்கிறது. 2008, 2009 காலத்துப் பதிவுகளைத் திறந்து பாருங்கள், படங்கள் தபால்தலை அளவுக்குத் தெரியும். அன்றைய திரைக்கு அது போதும். நாம் ஏற்றிய படம் சின்னதாகிவிட்டது என்று நினைத்து வருந்தியவர்கள் உண்டு. பதிவை எச்டிஎம்எல் பார்வையில் திறந்து படத்தின் முகவரியைப் பாருங்கள். நடுவில் எஸ்320 என்று ஒரு துண்டு இருக்கும். அதை எஸ்1600 என்று மாற்றினால் பெரிய படம் வந்து நிற்கும். எஸ்0 என்று போட்டால் இருப்பதிலேயே பெரிய அளவு. பக்கத்தில் அகல உயர எண்கள் எழுதியிருந்தால் அவற்றையும் நீக்கிவிட வேண்டும். ஒரு சுடலைமாடன் பீடத்தின் பழைய படத்தை இப்படிப் பெரிதாக்கியபோது, கீழே கல்லில் வெட்டியிருந்த உபயதாரர் பெயர்கள் பளிச்சென்று படிக்கக் கிடைத்தன. அந்தப் பீடத்துக்கு இப்போது டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

மின்னஞ்சலில் பதிவு போடும் வசதியைச் சொல்லாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது. அமைப்புகளில் நாமே ஒரு ரகசியச் சொல் வைத்து ஒரு முகவரி உருவாக்கிக்கொள்ளலாம். அந்த முகவரிக்கு மடல் அனுப்பினால், மடலின் தலைப்பு பதிவின் தலைப்பாகும், உள்ளே எழுதியது பதிவாகும், இணைத்த படம் பதிவில் போய் உட்காரும். சாமக்கொடை நேரம், கணியான் மகுடத்தை உயர்த்தி அடிக்கிறார், கூட்டத்தில் கைப்பேசிச் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. அந்த நேரத்தில் பிளாக்கரின் எழுதும் பக்கம் திறக்குமா? மடல் போய்விடும்! அனுப்பியதை உடனே வெளியிடாமல் வரைவாகச் சேமி என்று அமைத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து திறந்தால் ராத்திரி கண்ட காட்சிகள் எல்லாம் வரிசையாக வரைவில் காத்திருக்கும். மடலின் அடியில் உங்கள் பெயர், பதவி எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளுமானால், எழுதி முடித்த இடத்தில் ஹேஷ் குறியோடு ஆங்கிலத்தில் 'எண்ட்' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ளதைப் பிளாக்கர் எடுத்துக்கொள்ளாது.

பின்னூட்டத்தில் பெயர் சொல்லாத அனானிகளின் கும்மி ஓய்ந்துவிட்டது. இப்போது வருவது கடன் தருகிறோம், மாத்திரை விற்கிறோம் வகை. அவை புதுப் பதிவுக்கு வருவதில்லை, யாரும் பார்க்காத பழைய பதிவாகத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே மட்டுறுத்தலில் 'சில நேரம்' என்று ஒரு நடுவழி இருக்கிறது. 14 நாளுக்கு மேல் பழைய பதிவுகளுக்கு வரும் பின்னூட்டத்தை மட்டும் நம் அனுமதிக்குக் காத்திருக்கச் செய்யலாம். நாள் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளலாம். புதுப் பதிவில் நண்பர்கள் தாராளமாக உள்ளே வருவார்கள்.

சொந்தப் பெயரில் டொமைன் வாங்கினால் அதையும் இதோடு இணைக்கலாம். பிளாக்கர் அதற்குக் காசு கேட்பதில்லை; டொமைன் விற்றவரிடம் இரண்டு சிநேம் (CNAME) பதிவுகள் சேர்க்க வேண்டும், பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாக வந்துவிடும், பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களும் தானாகப் புதியதற்கு வந்துவிடுவார்கள். விளம்பர வருமானமா? தமிழுக்கு ஆட்சென்ஸ் 2018இல் வந்தது. கோயில் கொடை எழுதி யாரும் மாடிவீடு கட்டிவிட முடியாது, அந்த ஆசையோடு வந்தால் வேறு இடம் பாருங்கள்.

தேடுபொறிக்கான விவரணம் என்ற ஒரு சின்ன வசதியும் அமைப்புகளில் தூங்குகிறது. அதை எழுப்பிவிட்டால் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஒரு பெட்டி முளைக்கும். அதில் இரண்டு வரியில் ஊர், சாமி, என்ன விசேஷம் என்று எழுதி வைத்தால், கூகுள் பல நேரம் அதையே தேடல் முடிவின் அடியில் காட்டுகிறது. இல்லாவிட்டால் பதிவின் நடுவிலிருந்து தலையும் வாலுமில்லாத ஒரு வாக்கியத்தைப் பிய்த்துப் போடும். தளவரைபடத்தைப் பிளாக்கர் தானே தயாரித்து வைத்திருக்கிறது; சர்ச் கன்சோலில் ஒருமுறை அதன் முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. 2020இல் வந்த புதிய எழுதும் பக்கம் கைப்பேசியில் எழுத வசதி, ஆனால் எச்டிஎம்எல்லில் தேவையில்லாத குப்பையைச் சேர்க்கிறது. புது வசதி என்று பெரிதாக எதுவும் வருவதில்லை. எனக்கு அதுவே பாதி நிம்மதி. வாரத்துக்கு ஒருமுறை முகத்தை மாற்றிக்கொள்ளும் செயலிகளுக்கு நடுவில், ஒருமுறை கற்றுக்கொண்ட வித்தை பத்து வருடம் கழித்தும் செல்லுபடியாகும் இடம் வேறு எது?

பழைய பதிவர்களே, உங்களுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். உங்கள் வலைப்பூக்களில் பலவும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன; பஸ் நிலையத்து இட்லிக்கடையிலிருந்து அமெரிக்கப் பனி வரை நீங்கள் எழுதித் தள்ளியவை. ஆனால் 2 ஆண்டுகள் எட்டியே பார்க்காத கணக்குகளை நீக்கக்கூடும் என்று 2023இல் கூகுள் விதி போட்டிருக்கிறது. கணக்கோடு வலைப்பூவும் போகும். ஆகவே முதலில் உள்ளே நுழையுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் மீட்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். பழைய கைப்பேசி எண், பழைய யாகூ மடல் முகவரி எதையாவது கொடுத்திருப்பீர்கள், தேடுங்கள். நுழைந்ததும் அமைப்புகளுக்குப் போய்க் காப்புநகல் எடுங்கள். பதிவும் பின்னூட்டமும் ஒரே கோப்பில் இறங்கிவிடும். படங்களின் முகவரிதான் அதில் இருக்கும், படங்கள் இருக்காது; அவற்றைத் தனியாக இறக்குங்கள். வார்ப்புருவும் தனி. இந்தச் சள்ளையே வேண்டாம் என்று கோபத்தில் வலைப்பூவை எப்போதோ அழித்தவர்களும் உண்டு. அழித்து 90 நாள் ஆகவில்லையென்றால் அதையும் மீட்கலாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 'பொது' லேபிளைத் திறந்து பிரிக்க ஆரம்பியுங்கள்.